விசாரிக்கப் போன ஏட்டம்மா

புடவைக்குக் கீழே பழுப்பு நிற போலீஸ் ஷூ போட்ட ஒருவரை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் கார் ஸ்டாண்டில்தான். மதுரை திருநகரில், திருமங்கலம் ரோட்டை ஒட்டி, நாங்கள் ஐந்தாறு பேர் வாடகை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் காலையில் அவர் வந்து, கால்களைக் கொஞ்சம் அகட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, வரிசையில் கிடந்த வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"தனுஷ்கோடி போகணும். அங்க போயி, எப்பக் கிளம்புவீங்கன்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்று பின்கதவைத் திறந்துவிட்டேன். அவர் முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பின்னால உக்காந்தா அக்யூஸ்ட் மாதிரி இருக்கு தம்பி," என்றார்.

போலீசில் ஏட்டாக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். கணவர் இல்லை. ஒரே மகள் ஓசூரில். ஸ்டாண்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எங்களுக்கு அவர் ஏட்டம்மா. மாதத்துக்கு ஒரு தடவை, பென்ஷன் வந்த வாரத்தில், என் வண்டியில் கடற்கரைக்குப் போவார். சில மாதம் கீழக்கரை, வேம்பார் என்று தூத்துக்குடிப் பக்கம். சில மாதம் தொண்டிப் பக்கம். இப்படியே சில வருடங்கள் ஓடின.

அவரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல் என்றால், கேள்வி கேட்பார் என்றுதான் சொல்வேன். அந்த முதல் நாள், மானாமதுரை தாண்டுவதற்குள் என் மாமியார் ஏன் எங்களோடு இருக்கிறார், மில் வேலையை நான் ஏன் விட்டேன், வண்டியின் இடது பக்கக் கண்ணாடி ஏன் ஆடுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. வம்புக்குக் கேட்கிற ஆள் இல்லை. பதில் வரும்வரை முகத்தையே பார்ப்பார், வந்த பதிலை மறக்க மாட்டார். ஆறு மாதம் கழித்து, பரமக்குடியில் டீக்கு நிறுத்தும்போது, "ஒங்க மாமியாருக்குக் கண் ஆபரேசன் முடிஞ்சுச்சா?" என்பார்.

தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தை அவர் சுற்றிச் சுற்றி வந்தார். பவளப்பாறைக் கல்லில் கட்டிய சுவர். கல்லின் சின்னச் சின்ன ஓட்டைகளில் விரல் நுனியை வைத்துப் பார்த்தார். இந்த இடத்துக்கு அவர் ஏற்கனவே பலமுறை வந்திருக்கிறார் என்று பிறகுதான் சொன்னார். எல்லாம் பந்தோபஸ்துக்காக. யாராவது பெரிய மனிதர்கள் வரும்போது காலையிலிருந்து வெயிலில் நிற்க வேண்டும்.

"கூட்டத்தத்தான் பாக்கணும் தம்பி. பின்னால தேர் போனாலும் சரி, கோட்டை இருந்தாலும் சரி, திரும்பக் கூடாது. இந்தப் பக்கத்துத் தேர் ஒண்ணக்கூட நான் பாத்ததில்ல. எல்லாத்துக்கும் போயிருக்கேன்."

தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஓலைக் குடிசை போட்டு ஒரு பெண் சங்கு, சோழி மாலைகள் விற்றுக்கொண்டிருந்தாள். ஏட்டம்மா மாலையை எடுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் கடல். குடிக்கத் தண்ணிக்கு என்னம்மா பண்றீங்க?" என்றார். அந்தப் பெண் எழுந்து, வாங்க என்று குடிசைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். முழங்கால் ஆழத்துக்கு மணலைத் தோண்டியிருந்தது. அடியில் ஊறியிருந்த தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு கொடுத்தாள். ஏட்டம்மா குடித்துவிட்டு எனக்கும் கொடுத்தார். உப்பே இல்லை. "அம்புட்டுக் கடலுக்கு நடுவுல இது எப்படி நல்ல தண்ணியா இருக்கு?" என்று அவர் கேட்ட கேள்விக்கு, "அது இருக்குக்கா," என்றாள் அந்தப் பெண். அந்தப் பதிலை ஏட்டம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

கீழக்கரையில் பழைய பள்ளிவாசலுக்கு வெளியே நின்று, கல்தூண்கள் ஏன் கோயில் தூண் மாதிரியே இருக்கின்றன என்று அங்கிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டார். "வேலைக்கு வந்த ஆசாரிக்கு அந்தத் தூண்தானேம்மா தெரியும்," என்றார் அவர். பிறகு தன் மகளைக் கூப்பிட்டு எங்களுக்குச் சர்பத் கொடுக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் அந்த மகளின் பிள்ளைகள் படிப்பு வரைக்கும் ஏட்டம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. பாம்பன் பக்கம் ஒரு கரையில் பெண்கள் கடல்பாசி எடுத்துவிட்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். விரல்களில் துணி சுற்றியிருந்தது, இடுப்பில் வலைப்பை தொங்கியது, நெற்றிக்கு மேல் நீச்சல் கண்ணாடி. ஏட்டம்மா அவர்களிடம் போய், "நான் போலீஸ்ல இருந்தவ. சும்மா பாக்க வந்தேன். எம்புட்டு ஆழத்துக்கு முங்குவீங்க?" என்றார்.

போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் ஒருத்தி பாசி மூட்டையைத் தலையில் ஏற்றினாள். "எங்க பாட்டுக்கு எடுத்துப் பொழைக்கிறோம். அதுக்கும் ஆளு வந்தாச்சா," என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். மற்றவர்களும் போய்விட்டார்கள்.

வண்டியில் வரும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "அதச் சொல்லாமலே கேட்டிருக்கலாமேம்மா," என்றேன்.

"சொல்லாமக் கேட்டா அது வேவு."

"சொன்னா யாரும் பேச மாட்டேங்கிறாங்களே."

"பேச வேணாம். அது அவங்க இஷ்டம்." கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார்: "விசாரணை வேற, விசாரிக்கிறது வேற தம்பி. முப்பது வருசம் விசாரணைக்குக் கூட நின்னாச்சு. இனிமேயாவது நாலு பேர விசாரிச்சுட்டு வருவோமேன்னு பாக்குறேன்."

அடுத்த மாதம் அதே கரைக்குப் போனார். அவர்கள் பேசவில்லை. அதற்கடுத்த மாதமும் போனார். அன்றைக்கு ஒருத்தி, மூட்டையைத் தூக்கிவிட ஆள் இல்லாமல், "போலீஸ்க்கா, ஒரு கை பிடிங்க," என்றாள். அதன் பிறகு அந்தக் கரையில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை.

இந்தக் கேள்வி கேட்கும் பழக்கம் சின்ன வயதிலிருந்தே இருந்ததா என்று ஒரு நாள் கேட்டேன். அவர் கொட்டாம்பட்டிப் பக்கத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். "எங்க தெருப் பிள்ளைக வாயத் தொறந்து ஏன்னு கேட்டா, யார்கிட்டப் பேசுறோம்னு தெரிஞ்சுதான் பேசுறியான்னு திருப்பிக் கேப்பாங்க. போலீசுக்கு வந்தா அங்கயும் மேல இருக்குறவங்களக் கேக்க முடியுமா? சரிங்கய்யா, சரிங்கம்மா, அம்புட்டுத்தான். எல்லாம் சேந்து கெடக்கு," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

ஆனால் சேர்ந்து கிடந்த கேள்விகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல இல்லை. அது எனக்குத் தேவிபட்டினத்தில்தான் தெரிந்தது. அதற்கு முன்பே நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். எந்த மீனவ ஊருக்குப் போனாலும், பேச்சு முடியும் நேரத்தில், "அந்தப் புயலப்ப ரோட்டு மறியலுக்கு ஒங்க ஊர்ல இருந்து யாரும் போனீங்களா?" என்று கேட்பார். அன்று கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைப் பார்த்தபடி மேடையில் உட்கார்ந்திருந்தபோது, ஏன் அதையே கேட்கிறீர்கள் என்றேன்.

சில வருடங்களுக்கு முன், அவர் வேலையில் இருந்தபோது, ஒரு புயல். கடலுக்குப் போன சிலர் திரும்பவில்லை. தேடுவதை நிறுத்தாதீர்கள் என்று பல ஊர்ப் பெண்கள் கடற்கரைச் சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கயிறு பிடித்து எதிரே நின்ற போலீஸ் வரிசையில் ஏட்டம்மாவும் ஒருவர்.

"எனக்கு நேரா ஒரு பொண்ணு. கல்யாணப் போட்டோவ ஃபிரேமோட கொண்டாந்து, எங்களப் பாக்குற மாதிரி நெஞ்சுல சாச்சு வச்சிருந்துச்சு. பகல் பூரா அந்த மாப்பிள்ள மொகத்தத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். காது கொஞ்சம் விடைச்ச மாதிரி இருக்கும். சாயங்காலம் எங்கள வேற டூட்டிக்கு அனுப்பிட்டாங்க. அந்த ஆளு வந்தாரா இல்லையா, எனக்குத் தெரியாது."

"பேப்பர்ல வந்திருக்குமேம்மா."

"எத்தன பேருன்னு வந்துச்சு. அந்த மொகம் வந்துச்சான்னு போடல."

அந்தப் பெண்ணின் ஊரும் தெரியாது, பெயரும் தெரியாது. அதனால்தான் கடற்கரையில் ஊர் ஊராகக் கேட்டு வந்தார். அதற்குப் பிறகு நானும் கேட்கத் தொடங்கினேன். டீக்கடைகளில் நான் கேட்பேன், வீடுகளில் அவர் கேட்பார்.

தொண்டியைத் தாண்டி ஒரு சின்ன மீனவ ஊர். நெத்திலி காயப்போட்டிருந்த பெண்களிடம் வழக்கம்போலப் பேச்சு ஆரம்பித்தது. போலீசில் இருந்தவள் என்று சொன்னார், போட்டோ வைத்திருந்த பெண்ணைப் பற்றிக் கேட்டார். மூத்தவள் ஒருத்தி, "ஃபிரேமு போட்ட போட்டோவா?" என்று நிமிர்ந்தாள். பிறகு சந்துக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏ அந்தோணியம்மா, இங்க வா."

மீன் அறுத்துக்கொண்டிருந்த கையோடு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். கையெல்லாம் செதில். அவளைப் பார்த்ததும் ஏட்டம்மாவின் முகம் மாறியதிலிருந்தே இவள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான் போலீஸ்ல இருந்தவம்மா. அன்னைக்கு ரோட்டுல ஒனக்கு எதுத்தாப்புல நின்னவ."

அந்தோணியம்மா மீன் கத்தியை, அது கையில் இருப்பதே அப்போதுதான் தெரிந்ததுபோல, மெல்லக் கீழே வைத்தாள். கைகளைச் சேலையில் துடைத்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"எங்க இருக்காக?" என்றாள்.

எனக்கு அந்தக் கேள்வி புரிய ஒரு நிமிடம் பிடித்தது. இத்தனை வருடம் கழித்து ஒரு போலீஸ்காரம்மா தேடிக்கொண்டு வந்தால், அது செய்தி கொண்டுவருவதாகத்தானே இருக்க வேண்டும்.

"இல்லம்மா," என்றார் ஏட்டம்மா. "நானும் அதக் கேக்கத்தான் வந்தேன். வந்தாரா இல்லையான்னு."

அந்தோணியம்மா தலையில் போட்ட முந்தானையை எடுக்காமல் அப்படியே நின்றாள். மூத்தவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதக் கேக்கவா மதுரையில இருந்து வண்டி போட்டு வந்தீக? அடங்கிக் கெடந்த மனச ஏன் கெளப்பி விடுறீக?" சத்தம் கேட்டு இரண்டு ஆண்கள் வந்தார்கள். ஒருவர் என்னிடம், "வண்டிய எடுங்கண்ணே," என்றார். நான் ஏட்டம்மாவைப் பார்த்தேன். அவர் கிளம்பவில்லை. திட்டட்டும் என்பதுபோல, இருந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் அந்தோணியம்மாதான் பேசினாள். "அன்னைக்கு நாம அத்தன பேரும் கேட்டோம், பதில் சொல்ல ஆளு இல்ல. இன்னைக்கு ஒருத்தி வந்து நம்மளக் கேக்குறா. இருந்து கேட்டுட்டுப் போகட்டும்."

எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ஒற்றை அறை. அந்தப் போட்டோ சுவரில் இருந்தது. மாலை போடவில்லை. பொட்டு வைக்கவில்லை. சோறும் மீன்குழம்பும் போட்டுவிட்டுக் கணவனைப் பற்றிச் சொன்னாள். ஆரோக்கியம் என்று பெயர். "வாயி ஓயாது. கடல்லயும் பேசிக்கிட்டேதான் வருவாகளாம். கருவாட்டு வாடையே ஆகாது. கடலுக்குப் போற ஆளுக்குக் கருவாடு ஆகாதுன்னு சொன்னா யாரு நம்புவா? இடது கையில சுண்டுவிரல் பாதிதான் இருக்கு. கயிறு இழுத்தப்பப் போனது." அவள் சொன்னதெல்லாம், அவர் பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறார், சாயங்காலம் வந்துவிடுவார் என்பதுபோல இருந்தது. ஏட்டம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

கிளம்பும்போது அந்தோணியம்மா ஒன்று சொன்னாள். வடக்கே, நாகப்பட்டினம் தாண்டி ஏதோ ஓர் ஊரில் அந்தப் புயலில் சிலர் கரை சேர்ந்ததாகப் பேச்சு இருந்தது. "ஆம்பளைக போயி விசாரிச்சாக. இல்லன்னு வந்து சொன்னாக. நான் போயிக் கேக்கல."

"வண்டி இருக்கு," என்றார் ஏட்டம்மா. "வாரியா?"

அப்படித்தான் எங்கள் பயணத்தில் மூன்றாவது ஆள் சேர்ந்தாள். அவள் பின்சீட்டில் ஏறியதும் ஏட்டம்மா முன்கதவைச் சாத்திவிட்டு, அவளோடு பின்னால் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் முன்னால் உட்காரவே இல்லை.

மாதா மாதம் மதுரையிலிருந்து வந்து அந்தோணியம்மாவை ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே போனோம். ஏட்டம்மாவுக்குக் கட்டடங்கள் மேல் இருந்த ஆசை குறையவில்லை. அந்தோணியம்மாவுக்கு அதில் அக்கறை இல்லை. அவள் வலை பின்னுகிறவர்களைத் தேடிப் போவாள். மனோரா கோபுரத்துக்குப் போன அன்று மட்டும் வண்டியிலிருந்து இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இதுவா மனோரா? அவுக சொல்லுவாக. ராத்தங்கலாக் கடலுக்குப் போயிட்டு வாரப்ப, அடுக்குப் பானை மாதிரி ஒண்ணு தெரியும், அதப் பாத்துட்டாக் கரை வந்துருச்சுன்னு."

"நீ பாத்ததில்லையா?"

"நான் எங்கக்கா கடலுக்குள்ள போயிருக்கேன்?"

இருவரும் கோபுரத்தைச் சுற்றி நடந்தார்கள். கட்டியது யார், எதற்கு என்று ஏட்டம்மா காவலாளியைக் கேட்டுக்கொண்டிருக்க, அந்தோணியம்மா கடல் தெரியும் பக்கமாகப் போய் நின்று, இங்கிருந்து எவ்வளவு தூரம் தெரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு ஊரிலும் அவள் கேட்பது ஒன்றுதான். "எங்க வீட்டுக்காரு. ஆரோக்கியம்னு பேரு. சுண்டுவிரலு பாதிதான் இருக்கும். நல்லாப் பேசுவாக. இந்தப் பக்கம் யாரும் பாத்தீகளா?" பார்த்தவர் யாரும் இல்லை. சிலர் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். சிலர் என் முகத்தைப் பார்த்து, இந்த அம்மாளுக்கு எப்படிச் சொல்வது என்பதுபோலக் கண்ணைக் காட்டினார்கள்.

கடைசியாகப் போனது தரங்கம்பாடி. ஏட்டம்மா டேனிஷ் கோட்டைக்குள் போக டிக்கெட் வாங்கிவிட்டார். ஆனாலும் உள்ளே போகாமல் எங்களோடு கரைக்கு வந்தார். படகுகளின் நிழலில் ஒரு பெரியவர் வலை தைத்துக்கொண்டிருந்தார். அந்தோணியம்மா அவர் முன்னால் குந்தினாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரு. ஆரோக்கியம்னு பேரு. புயல்ல போனவரு. சுண்டுவிரலு பாதிதான் இருந்துச்சு. நல்ல பேச்சுக்காரரா இருந்தாக."

பெரியவர் ஊசியை நிறுத்தினார். "தெரியலயேம்மா. அந்தப் புயல்ல இங்கயும் போனாங்க. என் தம்பி போனான்."

"தம்பி வந்தாரா?"

"இல்லம்மா."

"அவருக்கு எத்தன பிள்ளைக?"

பெரியவர் சொல்ல ஆரம்பித்தார். அந்தோணியம்மா குந்தியிருந்தவள் நன்றாக மணலில் உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஏட்டம்மா என் முழங்கையைப் பிடித்தார். அவருக்கும் கேட்டிருந்தது. மற்ற ஊர்களில் எல்லாம் "இருக்கும்" என்று சொன்னவள் இங்கே "இருந்துச்சு" என்றாள். அவளுக்கே அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. ஏட்டம்மா அவளிடம் அதைக் கேட்கவில்லை, அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை.

திரும்பி வந்து அவள் ஊரில் இறக்கிவிட்டபோது வெளிச்சம் இருந்தது. இறங்கியவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அடுத்த மாசம் கல்லறைத் திருநாளு. எங்க ஊர்ல எல்லாரும் கல்லறைக்குப் போயி மெழுகுவத்தி ஏத்துவாக. நான் மட்டும் கதவச் சாத்திக்கிட்டு வீட்டுல இருந்துருவேன். இந்த வருசம் போகலாம்னு இருக்கேன். நீங்களும் வாங்க."

"வாரேன்," என்றார் ஏட்டம்மா.

அந்த நாள் மழை இல்லை. காற்று மட்டும் இருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்க மணல். சாயங்காலம் ஊரே அங்கே இருந்தது. குடும்பம் குடும்பமாகக் கல்லறைகளைக் கழுவிப் பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தோணியம்மா கையில் மெழுகுவர்த்திப் பொட்டலத்தோடு நடுவில் வந்து நின்றாள். எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடலோடு போனவருக்கு அங்கே இடம் ஏது?

"எங்கம்மா வைக்கணும்?" என்றார் ஏட்டம்மா.

அந்தோணியம்மா சுற்றிலும் பார்த்தாள். அன்று எங்களைத் திட்டிய மூத்தவள் தன் தகப்பனார் கல்லறைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு கல்லறையின் ஒரு பக்கத்தில் போட்டிருந்த பூக்களைக் கையால் ஒதுக்கினாள்.

"இங்கன வையி. எங்கப்பாவும் கடல்காரருதான்."

அந்தோணியம்மா மணலைக் குவித்து மெழுகுவர்த்தியை நட்டாள். ஏற்றியதும் காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினாள், மறுபடி அணைந்தது. ஏட்டம்மாவும் மூத்தவளும் ஆளுக்கொரு பக்கம் கைகளைக் குவித்துக் கொடுத்தார்கள். சுடர் நின்றது. அந்தோணியம்மா ஆரோக்கியத்தைப் பற்றி மெல்லிய குரலில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். மற்ற இருவரும் கைகளை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போய்க் காற்று வரும் பக்கமாக நின்றுகொண்டேன்.